முதியோர் பராமரிப்பு: செலவை யார் ஏற்பது?



மறைந்த ஒருவரின் நினைவாகப் பணம் ஒதுக்கி, அதன் வட்டியில் ஆண்டுதோறும் வெள்ளகோவில் ஊர் கூடிச் சிந்திக்க வழி செய்வது நல்ல மரபு. அதற்கேற்ற பொருளையே இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டு அப்பாருக்கும் அப்பத்தாளுக்கும், அப்புச்சிக்கும் அம்முச்சிக்கும் கடைசிக் காலத்தில் யார் துணை? அந்தத் துணைக்கு ஆகும் செலவு யாருடையது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியோரின் சாப்பாட்டுக்கு ஓரளவு வழி செய்திருக்கிறோம். மருந்துக்கும் செய்யத் தொடங்கியிருக்கிறோம். ஆனால் தூக்கி உட்கார வைக்கவும், குளிப்பாட்டவும், நடுராத்திரியில் கூப்பிட்டால் எழுந்து வரவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான செலவை நாம் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. இனி எழுதியாக வேண்டும்.

1. பென்ஷன்

ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுப்பது அரசின் கடமை என்பதைத் தமிழ்நாடு முன்கூட்டியே ஏற்றுக்கொண்டது. காமராசர் முதலமைச்சராக இருந்த 1962-ல் மாதம் 20 ரூபாயில் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. மத்திய அரசின் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல்தான். நம் மாநிலத்தில் அந்தத் தொகை 2011-ல் 1,000 ரூபாயாகவும், 2023-ல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். பல ஆண்டுகளாக அது அங்கேயே நிற்கிறது. மீதியை மாநில அரசு போடுகிறது.

1,200 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 40 ரூபாய். மகனிடமோ மகளிடமோ கை நீட்டாமல் ஒரு மூதாட்டி வெற்றிலை வாங்கவும், பேரனுக்குத் தின்பண்டம் வாங்கவும் இந்தப் பணம் உதவுகிறது. அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ள 40 ரூபாய்க்கு எந்த ஆளும் கிடைக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த உதவித்தொகை ஏதுமற்றவர்களுக்கானது. நம் பக்கத்து விவசாயிக்கோ பத்திரத்தில் மூன்று ஏக்கர் இருக்கும், பையில் பணம் இருக்காது. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்ட (பி.ஏ.பி.) வாய்க்காலின் கடைமடையில், தண்ணீர் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் தோட்டமும், ஆடு மாடு மேயும் கொறங்காடும் மாத வருமானம் தருவதில்லை. வாழ்நாளெல்லாம் கூலிக்கு விசைத்தறி ஓட்டியவர்களில் பெரும்பாலோருக்கு பி.எஃப். பிடித்தமும் கிடையாது. சொத்துக்காரர் என்ற பெயரால் ஒருவரும், தொழிலாளி என்ற பதிவே இல்லாமல் இன்னொருவரும் வெளியே நிற்கிறார்கள்.

2. தோட்டத்து வீடு

2021-ல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு என்றும், 2031-ல் இது 18.2 விழுக்காடாகும் என்றும் அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. கொங்கு நாட்டில் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அந்த ஒரு பிள்ளையும் திருப்பூரிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ வேலை பார்க்கிறது. தோட்டத்தில் இரண்டு பேர் மிஞ்சுகிறார்கள்.

நம் வீடுகள் ஊருக்குள் நெருங்கி நிற்பவை அல்ல. அவரவர் தோட்டத்தில் அவரவர் வீடு. உடம்பில் தெம்பு இருக்கும்வரை அது சுதந்திரம். முதுமையில் அதுவே ஆபத்தாகிவிடுகிறது. 2025-ல் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்டபோது கொங்குப் பகுதி முழுவதும் கலங்கியது. கேமராவும் போலீஸ் ரோந்தும் அவசியம்தான். அவற்றோடு, தினமும் ஒருவர் வந்து நலம் விசாரித்துப் போகும் ஏற்பாடும் ஒரு பாதுகாப்பே.

3. சட்டம்

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி, பராமரிக்காத பிள்ளைகள்மீது வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லி உத்தரவிட முடியும். சொத்தைத் தான செட்டில்மென்ட் எழுதித் தருகிறவர்கள், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். அது மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய இச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. முதியோர் உதவி எண் 14567. இதை எல்லா வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

ஆனாலும் சட்டத்தால் பணத்தைத்தான் வாங்கித் தர முடியும். அடுத்த நாட்டில் இருக்கும் மகன் தவறாமல் பணம் அனுப்பினாலும், தவறி விழுந்த தாயை எழுப்ப அந்த நேரத்தில் வீட்டில் ஆள் வேண்டும்.

4. பார்த்துக்கொள்ளும் பெண்கள்

இன்று அந்த வேலையைச் செய்பவர் யார்? பெரும்பாலும் மருமகள், இல்லையென்றால் மகள், அதுவும் இல்லையென்றால் தானே முடியாத நிலையில் இருக்கும் வயதான மனைவி. சம்பளமில்லை, விடுப்பில்லை, செய்ததைச் சொல்ல ஆளுமில்லை. பாசம் இருப்பதால் இந்த உழைப்புக்குச் செலவே இல்லை என்று நினைத்துக்கொண்டோம். அந்தப் பெண் விட்டுவிட்ட வேலையும், கெட்டுப்போன முதுகும்தான் அந்தச் செலவு.

இதே கேள்வியை ஜெர்மனியும் ஜப்பானும் சந்தித்தன. ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டை நடைமுறைப்படுத்தின. வீட்டில் பராமரிக்கும் குடும்பத்துக்குப் பணமாகவும் தர ஜெர்மனி முடிவு செய்தது. பணம் தந்தால் பழையபடி மருமகள் தலையிலேயே சுமை நிலைத்துவிடும் என்று ஜப்பானியப் பெண்கள் அமைப்புகள் வாதாடின. அதனால் அங்கே பணம் தராமல், வீட்டுக்கு வந்து உதவும் பணியாளர், பகல் நேரக் காப்பகம் என்று சேவையாகவே தருகிறார்கள். நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். செலவில் பாதி சந்தாவிலும் பாதி வரிப்பணத்திலும் நடக்கிறது. சேவை பெறுபவரும் ஒரு சிறு பங்கு தருகிறார்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கேரளம் 2008-ல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வகுத்தது. படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கு நர்ஸை அனுப்பும் பொறுப்பை அங்கே ஊராட்சிகளும் நகராட்சிகளும் ஏற்றிருக்கின்றன. இங்கும் அடித்தளம் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2025-ல் தாயுமானவர் திட்டம் 70 வயதைக் கடந்தவர்களின் வீட்டு வாசலுக்கு ரேஷன் பொருளைக் கொண்டுவந்தது. முதியோருக்கான அன்புச்சோலை மையங்களும் அதே ஆண்டு மாநகரங்களில் தொடங்கின. மாத்திரையும் அரிசியும் வாசலுக்கு வந்துவிட்டன. உள்ளே வந்து கைகொடுக்கும் ஆள் மட்டுமே பாக்கி.

5. வெள்ளகோவில் செய்யக்கூடியது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயிற்சி பெற்ற பத்துப் பெண்களை மாதம் 12,000 ரூபாய் சம்பளத்தில் அமர்த்தினால் ஆண்டுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். ஒருவர் நாளுக்கு ஐந்து வீடுகளுக்குப் போனால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று நூறு வீடுகளுக்குத் துணை கிடைக்கும். பாதிச் செலவை நகராட்சியும் சுற்றுவட்ட ஊராட்சிகளும் தங்கள் வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக எழுதட்டும். மீதி 7 லட்சத்து 20 ஆயிரம். இரண்டாயிரம் குடும்பங்கள் மாதம் 30 ரூபாய் கொடுத்தால் அது நிறைந்துவிடும்.

இது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுக் கோயில் கட்டியவர்கள், கும்பாபிஷேகம் நடத்தியவர்கள் நாம். வசதி உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் எல்லோரும் கொடுத்தோம். எல்லோருக்கும் அதில் உரிமை இருந்தது. முதியோர் பராமரிப்பும் அப்படி ஊர்ப் பொதுவாக வேண்டும். கொடுப்பவர் இரங்கிக் கொடுக்கவும், பெறுபவர் கூசிப் பெறவும் அதில் இடமிருக்கக்கூடாது.

இங்கே நகர்மன்ற உறுப்பினர்கள் இருக்கிறீர்கள், தறிப்பட்டறை உரிமையாளர்கள் இருக்கிறீர்கள், எண்ணெய் ஆலை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள், மகளிர் குழுத் தலைவிகள் இருக்கிறீர்கள். யார் வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், யாருக்கு எந்த உதவி தேவை என்று வார்டு வாரியாக ஒரு பட்டியல் எடுக்க முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வருபவர், அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று உங்களிடம் கேட்கட்டும்.