ஒரு ஸ்டூல் கேட்பதும் இன்ப வேட்கைதான்



எனக்கு முன்னால் முழங்கி அமர்ந்திருக்கும் நண்பர் முக்கால் மணி நேரம் பேசினார். இன்பத்தின் பின்னால் போனவன் அழிந்தான் என்றார். குடித்து அழிந்தவனைக் காட்டினார். ரம்மி ஆடி அழிந்தவனைக் காட்டினார். விடிய விடியக் கைப்பேசியைத் தேய்க்கும் பிள்ளையைக் காட்டினார். ஆசையை அறுத்தால்தான் நல்வாழ்வு என்று முடித்தார். நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். நான் அந்தக் கைதட்டலோடு சண்டை போட வந்திருக்கிறேன். இன்பத்தைத் தேடித்தான் மனிதன் நன்றாக வாழ முடியும். தேடாதே என்று ஒருவர் சொன்னால், அதை யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று முதலில் கவனியுங்கள்.

இந்த மண்ணில் அதிகமாக இன்பத்தைத் துறக்கச் சொல்லப்பட்டவர்கள் யார்? பணக்காரனா? மடாதிபதியா? கணவனை இழந்த பெண். அவளுக்குப் பூ கூடாது, வண்ணச் சேலை கூடாது, ருசியான சோறு கூடாது, கல்யாண வீட்டில் முன்வரிசை கூடாது. புறநானூற்றுக் காலத்திலேயே கைம்பெண்ணுக்குப் பருக்கைக் கல் பரப்பிய படுக்கையும் வேளைக்கீரையும்தான் விதி. அந்த நோன்பைவிட ஈமத் தீயே மேல் என்று ஒரு பாண்டியன் மனைவி பாடி வைத்திருக்கிறாள். மனைவியை இழந்த ஆணுக்கு இப்படி ஒரு கீரையை யாராவது விதித்தார்களா? (சிரிப்பு) துறவைத் தானாகத் தேர்ந்துகொண்டவரை நான் வணங்குகிறேன். அடுத்தவள் தலையில் துறவைக் கட்டுகிறவனோடுதான் எனக்கு வழக்கு.

இன்பமே வாழ்வின் இலக்கு என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னவர் கிரேக்கத்து எபிகூரஸ். கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்தவர். முப்பத்தைந்து வயது வாக்கில் ஏதென்ஸில் ஒரு தோட்டம் வாங்கி, கி.மு. 270இல் இறக்கும்வரை நண்பர்களோடு அங்கேயே வாழ்ந்தார். அந்தத் தோட்டத்தில் பெண்களும் படித்தார்கள், அடிமைகளும் படித்தார்கள். மிஸ் என்ற அடிமை அவரோடு தத்துவம் பயின்றவன். உயில் எழுதும்போது அவனுக்கு விடுதலை கொடுத்துவிட்டுத்தான் எபிகூரஸ் கண்ணை மூடினார்.

இந்த இன்பவாதி என்னதான் சாப்பிட்டார்? ரொட்டியும் தண்ணீரும். ஒரு நண்பரிடம், சின்னப் பானையில் கொஞ்சம் பாலாடைக்கட்டி அனுப்பிவை, தோன்றுகிறபோது விருந்து கொண்டாடிக்கொள்கிறேன் என்று கேட்டு எழுதினாராம். அவருக்கு அதுதான் விருந்து. உடம்பில் வலி இல்லை, மனத்தில் பயம் இல்லை என்றால் அதுவே இன்பத்தின் உச்சி என்றார். ஆசைகளை அவர் மூன்றாகப் பிரித்தார். பசிக்குச் சோறு, குளிருக்குப் போர்வை போன்றவை இயற்கையானவை, இல்லாமல் முடியாதவை. பலவகைப் பண்டம் போன்றவை இயற்கையானவைதான், ஆனால் இல்லாமலும் இருக்கலாம். சிலை வைக்க வேண்டும், கிரீடம் சூட வேண்டும் என்பவை வெற்று நினைப்பால் வந்தவை. அவற்றுக்குக் கரையே கிடையாது. முதல் வகை எளிதில் கிடைத்துவிடும், அதற்குப் பெரிய செலவில்லை என்பது அவர் கணக்கு.

இப்படிப்பட்டவரை உலகம் என்ன செய்தது? தின்று தின்று தினமும் இருமுறை வாந்தி எடுத்தவர் என்று அவரோடு இருந்து பிரிந்துபோன ஒருவரே கதை கட்டினார். தாந்தே தன் நரகத்தில் எபிகூரஸையும் அவர் சீடர்களையும் எரிகிற கல்லறைகளுக்குள் தள்ளினார். நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? நம் இன்பவாதிகளான உலகாயதர்களுடைய நூல்கள் நம் கைக்கு வரவில்லை. அவர்களை எதிர்த்தவர்கள் எழுதி வைத்ததிலிருந்துதான் அவர்களைத் தெரிந்துகொள்கிறோம். மணிமேகலையில் அவர்கள் கொள்கையைப் பேசும் ஒரு பூதவாதி வருகிறான், நீலகேசியில் ஒரு பூதவாதி வருகிறான், தோற்பதற்கென்றே வருகிறார்கள். ஒன்றை எழுதியவர் பௌத்தர், மற்றதை எழுதியவர் சமணர். எதிர்க்கட்சி எழுதிய வாக்குமூலத்தை வைத்து ஒருவனுக்குத் தண்டனை கொடுப்பது எந்த ஊர் நியாயம்? வள்ளுவர் இன்பத்துக்கென்று 25 அதிகாரம், 250 குறள் எழுதினார். வீரமாமுனிவர் லத்தீனுக்குக் கொண்டுபோனபோது அறத்தையும் பொருளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்றாம் பாலை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

சரி, நண்பர் காட்டிய அந்த மூன்று பேருக்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். அங்கேதான் வருகிறேன்.

1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகினார்கள். எலி ஒரு கட்டையை அழுத்தினால் மூளையில் அந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் பாயும். எலி அழுத்தியது, விடாமல் அழுத்தியது. பின்னால் நடந்த சோதனைகளில் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அழுத்திய எலிகள் உண்டு. தீனி இருந்தும் அதை விட்டுவிட்டு அழுத்தி அழுத்திப் பட்டினி கிடந்த எலிகளும் உண்டு. மூளையில் இன்பம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது என்று உலகமே கொண்டாடியது.

அந்த எலி இன்பமாக இருந்ததா என்று பிற்பாடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் தோண்டிப் பார்த்தார். நாக்கில் இனிப்பு பட்டால் எலியும் உதட்டை நக்கும், கைக்குழந்தையும் நக்கும். அந்த முகபாவத்தையே அவர் அளவுகோலாக வைத்துக்கொண்டார். டோபமைன் என்ற ரசாயனத்தை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிய எலி தீனியைத் தேடிப் போகவே இல்லை. ஆனால் வாயில் இனிப்பை விட்டபோது எப்போதும்போல் சப்புக்கொட்டியது. டோபமைனைக் கூட்டிய எலி இனிப்புக்காக ஆலாய்ப் பறந்தது. ஆனால் கிடைத்தபோது முன்னைவிட அதிகமாக ரசிக்கவில்லை. ஆக, 'வேண்டும், இன்னும் வேண்டும்' என்று அரிப்பதற்கு மூளையில் ஒரு வழி, கிடைத்ததை அனுபவிப்பதற்கு வேறு வழி. முதலாவதைத் தூண்டிக்கொண்டே இருந்து, இரண்டாவதைக் கொடுக்காமலே காலம் தள்ள முடியும்.

ரம்மி நடத்துகிறவன் கண்டுபிடித்த தொழில் ரகசியம் இதுதான். நள்ளிரவு இரண்டு மணிக்கு, போன பணத்தை மீட்க மறுபடி பணம் கட்டுகிறானே, அவன் முகத்தைப் பாருங்கள். அந்த முகத்தில் எங்கே ஐயா இன்பம்? கைப்பேசியை மேலே மேலே தள்ளுகிற பிள்ளையைப் பிடித்து, கடைசியாகப் பார்த்த பத்தும் என்னவென்று கேளுங்கள். இரண்டு சொன்னால் அதிசயம். இந்த மூன்று பேரையும் இன்பம் கெடுக்கவில்லை. இன்பம் என்று சீட்டு ஒட்டி அரிப்பை விற்றவன் கெடுத்தான். மதுவை விற்றது யார்? டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம் 1983இல் வந்தது. 2003இலிருந்து சில்லறைக் கடையும் அரசே நடத்துகிறது. பாட்டிலின் மேல் உபதேசத்தையும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நாள் முழுக்கச் சுமை தூக்கியவனுக்கு முதுகு வலி தீர ஒரு இடம், நாலு பேரோடு பேச ஒரு திண்ணை, மூட்டைப்பூச்சி கடிக்காத ஒரு படுக்கை இருந்திருந்தால் எத்தனை பேர் அந்தக் கம்பி ஜன்னலுக்குப் போயிருப்பார்கள்? எல்லோரும் திருந்தியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு இன்பம் மிஞ்சிப்போய்விட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள் என்கிறேன்.

படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1974இல் கேட்டது. விரும்பிய அனுபவத்தையெல்லாம் மூளைக்குள் தருகிற இயந்திரம் இருந்தால் ஆயுள் முழுக்க அதற்குள் போய்ப் படுத்துக்கொள்வாயா? நான் மாட்டேன். என் பேத்தி சிரிக்க வேண்டும். அவள் சிரிப்பதுபோல் எனக்குத் தோன்றினால் போதாது. இன்பத்துக்கும் மேலே வேறு சிலவும் உண்டு என்று இதில் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக, இன்பமே கிடைக்காதவளிடம் போய் அந்த இயந்திரத்தைக் காட்டி மிரட்டாதீர்கள்.

யார் அவள்? துணிக்கடைக்குப் போங்கள். சேலையை எடுத்து உதறிக் காட்டுகிற பெண். காலை ஒன்பது, பத்து மணிக்கு நின்றவள் கடை சாத்தும்வரை நின்றாள். கூட்டம் இல்லாதபோதும் உட்காரக் கூடாது என்றிருந்தது. உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துச் சம்பளத்தில் பிடித்த கடைகள் இருந்தன. காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். கழிப்பறை தொலைவில், போனால் திட்டு, அதனால் தண்ணீர் குடிக்கமாட்டாள், அதனால் நீர்க்கடுப்பு. எபிகூரஸ் சொன்ன இன்பம் உடம்பில் வலி இல்லாமை என்றால், இவளுக்கு அந்த இன்பத்தின் விலை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்!

அந்த ஸ்டூலை யார் வாங்கிக் கொடுத்தார்கள்? கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண் மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களைத் திரட்டி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் முதலில் கழிப்பறை கேட்டார், பிறகு உட்காரும் உரிமை கேட்டார். ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2018இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை என்றது. கால்வலிக்கு ஆறுதல் கேட்டது சிற்றின்பமா? அப்படியானால் அந்தச் சிற்றின்பத்துக்காகச் சட்டமன்றமே கூடிச் சட்டம் செய்திருக்கிறது!

இந்த இடத்தில் எபிகூரஸோடும் எனக்குச் சண்டை உண்டு. அரசியல் பக்கம் போகாதே, யார் கண்ணிலும் படாமல் வாழ் என்று சீடர்களுக்குச் சொன்னார். தோட்டம் சொந்தமாக உள்ளவர் சொல்லலாம். (கைதட்டல்) விஜி அதைக் கேட்டிருந்தால் இன்றைக்கும் அந்தப் பெண்கள் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் எங்கள் விருப்பத்துக்கு என்று தொழிலாளி கேட்டானே, அந்த மூன்றாவது எட்டு என்ன? பாட்டுக் கேட்கவும், பிள்ளையைத் தோளில் தூக்கவும், சும்மா இருக்கவும் கேட்ட நேரம். இன்பத்துக்கு எழுதிய கோரிக்கை அது. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். சரியாக நூறாவது ஆண்டில், 2023 ஏப்ரலில், தினம் 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் கொதித்தன. மே 1 அன்றே அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஆசையை அறுத்தவர்களாக இருந்திருந்தால் யார் கொதித்திருப்பார்கள்?

அவைத்தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், நேரம் முடிந்தது. ஒரே ஒரு தீர்மானத்தை முன்மொழிந்துவிட்டு இறங்குகிறேன். நம் ஊர்க் கடைத்தெருவில் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை எல்லாவற்றிலும் 22-அ பிரிவின்படி இருக்கை இருக்கிறதா, இருந்தால் உட்கார விடுகிறார்களா என்று தொழிலாளர் துறை நேரில் வந்து பார்க்க வேண்டும். பண்டிகைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். மனு தட்டச்சாகி வாசல் மேசையில் இருக்கிறது. கடையில் வேலை செய்கிறவர்கள் பெயர் போட வேண்டாம், வேலைக்கு ஆபத்து. நாம் போடுவோம், துணி எடுக்கப் போகிறவர்கள் போடுவோம். வழிமொழிகிறவர் யார், கையைத் தூக்குங்கள்.