தயிரின் நுண்ணுயிரும் குடலின் நுண்ணுயிரும்

மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்றும், பெருங்குடலே அவற்றின் முதன்மையான உறைவிடம் என்றும், அனைத்தையும் சேர்த்தால் எடை சுமார் 200 கிராம் இருக்கும் என்றும் 2016இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. சிறுகுடலில் செரிக்காமல் வந்து சேரும் நார்ச்சத்தை இவை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் முதலிய கொழுப்பு அமிலங்களை ஆக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தம் ஆற்றலில் பெரும்பங்கைப் பெறுவது இந்தப் பியூட்டிரேட்டிலிருந்துதான்.

தயிரில் வாழ்பவை வேறு. வீட்டு உறைமோரில் இருக்கும் கூட்டம் வீட்டுக்கு வீடு மாறுபடும். ஆனால் யோகர்ட் எனப்படும் பல்கேரிய வகைத் தயிரை உருவாக்குபவை லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் என்னும் கோல் வடிவ பாக்டீரியாவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபைலஸ் என்னும் உருண்டை வடிவ பாக்டீரியாவுமே. சுமார் 42 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உள்ள பாலில் முதலில் பெருகும் உருண்டை வகை, பாலில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குறைத்து, ஃபார்மிக் அமிலத்தையும் கார்பன் டையாக்சைடையும் வெளியிடுகிறது. அவற்றால் ஊக்கம் பெறும் கோல் வகையோ, பாலின் முதன்மைப் புரதமான கேசினைச் சிறு துண்டுகளாக உடைத்து, அவ்வேலையில் திறன் குறைந்த தன் கூட்டாளிக்கு அமினோ அமிலங்களைத் தருகிறது. இரண்டும் சேர்ந்து பாற்சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்க, பிஎச் 4.6ஐ நெருங்கும்போது கேசின் துகள்கள் வலையாகப் பிணைந்து, நீரைத் தம்முள் பிடித்துக்கொள்கின்றன. ஆடாமல் அசையாமல் இருக்கும் கெட்டித் தயிர் இந்த வலைதான். கரண்டி பட்டதும் ஓரத்தில் ஊறும் தெளிநீர், வலை அறுந்து வெளியேறியதே.

கோல் வகையை 1905இல் ஜெனீவாவில் இனங்கண்டவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மருத்துவ மாணவர். பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மெச்னிக்கோவ், பல்கேரிய உழவர்களின் நீண்ட ஆயுளுக்கு இதுவே காரணம் என்றும், இது பெருங்குடலில் உண்டாகும் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் என்றும் கருதினார். 1908இல் நோபல் பரிசு பெற்ற அவருடைய சொல்லுக்கு இருந்த மதிப்பால், ஐரோப்பாவில் தயிர் மருந்தாகவே போற்றப்பட்டது. ஆனால் பல்காரிகஸ் மனிதக் குடலில் நிலைத்துக் குடியேறுவதில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அது வழிப்போக்கன் மட்டுமே.

வழிப்போக்கனாயினும் அதனால் பயனுண்டு. பாற்சர்க்கரையைச் செரிக்க இயலாதோர்க்கு, உயிருள்ள இந்த பாக்டீரியாக்களின் நொதி சிறுகுடலில் அவ்வேலையை ஓரளவு செய்து தருகிறது. (மோர்க்குழம்பைக் கொதிக்க வைத்தால் சுவை எஞ்சும், பாக்டீரியா எஞ்சாது என்பதையும் நேயர்கள் கருதுக.) ஆகவே நேயர்கள் தயிரைத் தயிராகவே உண்பதோடு, குடலில் நிலையாகக் குடியிருப்பவற்றுக்கு வேண்டிய கீரையையும் பயறையும் தட்டில் வைப்பார்கள் என நம்பலாம்.