ஜனவரி 31க்கு முன்

பதுளை நகரில் சொந்த வீடு உள்ள நாம் மாநகர சபைக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அது எவ்வளவு வரும் என்று வீட்டிலேயே கணக்குப் பார்க்கலாம். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று சபை மதிப்பிடுவதே வருடாந்தப் பெறுமதி. அதில் ஒரு வீதம்தான் வரி.

உதாரணத்துக்கு, பெறுமதி 24,000 ரூபாய், வீதம் 8 என்று வைப்போம். வரி 1,920, காலாண்டுக்கு 480. முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு, அதாவது 192 ரூபாய் மிச்சம். காலாண்டின் முதல் மாதத்தில் கட்டுவோருக்கு 5 வீதம். பெறுமதி கூடுதல் என்று பட்டால், அறிவித்தலில் குறித்த திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்ட லயங்களில் கதை வேறு. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் பலர் கையில் காணி உறுதி இல்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமோ, சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்ய நெடுநாள் தடையாக நின்றது, 2018இல்தான் திருத்தினார்கள். வரிப் பற்றுச்சீட்டு நம் பெயரில் வருவதும் ஓர் உரிமைதான். உறுதி கிடைத்தவர்கள், உங்கள் பெயரைச் சபைப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள்.