மறு ஆட்டமும் மதியூகமும்

வென்றபின் வியூகத்தைப் போற்றுவதும் தோற்றபின் தூற்றுவதும் உலக இயல்பு. அது நேரிய தீர்ப்பாகுமா? அயர்லாந்தின் கேலிக் உதைபந்தாட்டத்தில் நிகழ்ந்த ஒன்றை நோக்குவோம். அவ்வாட்டத்தில் பந்து வலைக்குள் புகுந்தால் மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்தின் மேலாகச் சென்றால் 2016 இல் ஒரு புள்ளி வழங்கப்பட்டது.

2016 செப்டெம்பர் 18 ஆம் நாள் நடந்த இறுதிப் போட்டியில் டப்ளினும் மேயோவும் 15 புள்ளிகள் வீதம் பெற்றுச் சமநிலை எய்தின. டப்ளின் பெற்ற இரு கோல்களும் மேயோ வீரர் தம் வலைக்குள்ளேயே செலுத்தியவை! 1951 இற்குப் பின் கிண்ணத்தைக் காணாத மேயோ இரசிகர் மறு ஆட்டம் வரை ஓயாது வாதிட்டனர். "அத்தவறுகள் மீண்டும் நிகழா, அணியை மாற்றலாகாது" என்றனர் ஒரு சாரார். "கோல் காப்பாளர் உதைக்கும் பந்தை டப்ளின் மறித்துவிடுகிறது, அதற்கு வழி காணவேண்டும்" என்றனர் மறு சாரார்.

ஒக்டோபர் 1 ஆம் நாள் மறு ஆட்டத்தில், டேவிட் கிளார்க்குக்குப் பதிலாக ரொப் ஹெனலி கோல் காத்தார். உயர்ந்து வந்த பந்தொன்று அவர் கை நழுவியது. எதிரணி வீரரை வீழ்த்தியமையால் அவர் வெளியேற நேர்ந்தது. தண்ட உதை கோலாயிற்று. மேயோ ஒரே புள்ளியால் தோற்றது. கிளார்க்கோ அவ்வாண்டின் சிறந்த கோல் காப்பாளராகத் தெரிவானார்.

பழி மாற்றத்தின்மேல் விழுந்தது. ஆயினும் மாற்றத்துக்குத் தக்க காரணம் இருந்தது. கை நழுவுதலை முன்னறிவார் யார்? விளைவைக் கொண்டன்றி, தீர்மானத்தின் நியாயத்தைக் கொண்டு மதிப்பிடுதலே அறிவுடைமையாகும்.