நம் வீட்டுச் சோறும் அயலவரின் வாசலும்



புகழனைத்தும் வல்லவன் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மத் முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்புக்குரிய நேயர்களே! இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களிலும் அவற்றை அண்டிய சிறு நகரங்களிலும் வாழும் பெற்றோர்களே, இளைஞர்களே! உணவை வீண்விரயம் செய்யலாகாது என்ற உபதேசத்தை நீங்கள் பன்முறை கேட்டிருப்பீர்கள். நானும் மிம்பரில் நின்று பன்முறை சொல்லியிருக்கின்றேன். இன்று அதையொட்டிய இரண்டு கேள்விகளை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். நாம் வீசியெறியும் சோறும், அதைச் சுற்றி வந்த பொலித்தீனும் எங்கே போய்ச் சேருகின்றன? அதற்காக நாம் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

மார்க்க அறிஞர்கள் பாவங்களை இரு வகையாகப் பிரித்துக் காட்டுவர். ஒன்று அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலானது. அதற்கு உளப்பூர்வமான தவ்பா போதும். மற்றையது மனிதர்களின் உரிமையோடு சம்பந்தப்பட்டது. அதனை 'ஹக்குல் இபாத்' என்பர். அதற்குத் தவ்பா மாத்திரம் போதாது. பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவரது இழப்பை ஈடுசெய்ய வேண்டும். உணவு விரயம் முதலாம் வகையைச் சேர்ந்தது என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒரு நோன்பு காலத்து அதிகாலை அந்த எண்ணத்தை மாற்றியது.

ஏறக்குறைய பத்தாண்டுகளுக்கு முன்னர், அரபுக் கல்லூரியில் கற்று முடித்து வெளியேறிய புதிதில், கேகாலை மாவட்டத்தில் இறப்பர்த் தோட்டமொன்றை அண்டிய சிறு நகரத்துப் பள்ளிவாசலில் இமாமாகப் பணியாற்றினேன். அவ்வருட ரமழான் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வந்திருந்தது. பிந்திய நாளொன்றில் தனவந்தர் ஒருவர் நல்லெண்ணத்தோடு முந்நூறு சோற்றுப் பார்சல்களை நோன்பாளிகளுக்கு வழங்கினார். ஒவ்வொன்றும் லன்ச் ஷீட்டில் சுற்றப்பட்டு ஷொப்பிங் பையில் இடப்பட்டிருந்தது. பேரீத்தம்பழம், கஞ்சி, கட்லட், ரோல்ஸ் எனப் பசி தீர்ந்த பின்னரே பார்சல்கள் பிரிக்கப்பட்டன. பலர் பாதி உண்டனர். சிலர் இறைச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றை மூடி வைத்தனர். மிஞ்சியதெல்லாம் பள்ளிவாசலின் பின்புற வடிகால் ஓரத்தில் குவிக்கப்பட்டது. காலையில் அகற்றலாம் என்றனர் இளைஞர்கள். நானும் சரியென்றேன்.

அன்றிரவு கடும் மழை பெய்தது. குவியல் வடிகாலுக்குள் சரிந்தது. மெல்லிய பொலித்தீன் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டி மதகின் வாயை அடைத்துவிட்டன. போக வழியற்ற நீர், கீழ்ப்புறமிருந்த தோட்டக் குடியிருப்பின் லயன் அறைகளுக்குள் புகுந்தது.

ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின்னர் சத்தம் கேட்டு இறங்கிச் சென்றேன். பால் வெட்டும் தொழில் செய்யும் வயது முதிர்ந்த தாய் ஒருவர் தம் அறையிலிருந்து சேற்றைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். சேற்றோடு சோற்றுப் பருக்கைகளும் வந்தன. மூலையிலிருந்த கோதுமை மாப் பையின் அடிப்பாகம் நனைந்து கட்டியாகியிருந்தது. மழை நாளில் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லையேல் அன்றைய சம்பளமும் இல்லை. ஆகவே அந்த மாவின் பெறுமதி அவருக்குத்தான் தெரியும். அவர் என்னை ஏசவில்லை. நிமிர்ந்து பார்த்து, "ராத்திரி பள்ளியில விருந்தாங்களா ஐயா? சோறு எங்க வீட்டுக்கும் வந்திருச்சு" என்று மட்டும் சொன்னார்.

நேயர்களே! குழம்பு சமைத்தால் அதில் நீரைச் சற்றுக் கூட்டி அயலவருக்கும் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்கு உபதேசித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நாங்களும் அன்று அயலவருக்கு உணவு அனுப்பினோம். வடிகால் வழியாக அனுப்பினோம்! எவருடைய தீங்கிலிருந்து அயலவர் பாதுகாப்புப் பெறவில்லையோ அவர் ஈமான் கொண்டவரல்லர் என்ற கடும் எச்சரிக்கை ஸஹீஹுல் புகாரியில் உண்டு. அயலவர் என்றால் முஸ்லிம் மட்டும்தானா? அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான தம் அயலவருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் விசாரித்தார்கள். இதுவே ஸஹாபாக்களின் வழி.

அல்குர்ஆன் உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில் வரம்பு மீறுவதைத் தடுக்கின்றது. அது அல்அஃராப் அத்தியாயத்தின் 31ஆவது வசனம். அல்இஸ்ரா அத்தியாயத்தின் 27ஆவது வசனம் விரயம் செய்வோரை ஷைத்தான்களின் சகோதரர்களாகக் காட்டுகின்றது. அதற்கு முந்திய வசனத்தைக் கவனித்தீர்களா? உறவினர், ஏழை, வழிப்போக்கர் ஆகியோரின் உரிமையைக் கொடுக்குமாறு கட்டளையிட்ட பின்னரே விரயம் தடை செய்யப்படுகின்றது. நாம் விரயம் செய்யும் பொருளில் பிறரின் உரிமை கலந்திருக்கின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டுமா?

இது ஓர் ஊரின் கதை மாத்திரமன்று. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, கொழும்பை அண்டிய மீதொட்டமுல்லையில் குப்பை மேடு வீடுகளின் மேல் சரிந்தது. 30க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. அம்மேட்டில் கிடந்தவை தலைநகரத்துச் சமையலறைகளிலும் கடைகளிலும் மிஞ்சியவை. புதையுண்டவர்களோ அம்மலையின் அடிவாரத்தில் வசித்தவர்கள். நம் நாட்டுக் குப்பையில் அரைவாசிக்கும் அதிகமானது உக்கக்கூடிய உணவுக் கழிவும் இலைதழையுமே. வீட்டிலேயே வேறாக்கினால் அது பசளை. பொலித்தீனோடு முடிச்சிட்டுக் கட்டினால் அது மலையாக வளரும் நஞ்சு.

அதே ஆண்டு டெங்குக் காய்ச்சலால் நாடெங்கும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். நாம் எறிந்த யோகட் கோப்பையில் தேங்கும் ஒரு கை நீர் அந்நுளம்புக்குப் போதுமானது. எறிந்த சோறு எலிகளை அழைக்கின்றது. எலிக்காய்ச்சலின் கொடுமையை இரத்தினபுரி மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாவாத மலை என்று நம் முன்னோர் அழைத்த சிவனொளிபாத மலைத் தொடரிலிருந்தே களு கங்கையும் களனி கங்கையும் உற்பத்தியாகின்றன. ஒன்று இரத்தினபுரியைக் கடந்து களுத்துறைக்கும், மற்றையது கித்துல்கலை, எட்டியாந்தோட்டை, ருவன்வெல்லை வழியாகக் கொழும்புக்கும் செல்கின்றது. தலைநகரத்தார் பருகுவது களனியின் நீரைத்தான். நாம் வாழ்வது ஆற்றின் தலைமாட்டில். நம் ஓடையில் விழுவது யாரோ ஒருவரின் குடிநீரில் கலக்கின்றது.

அரசாங்கம் 2017 செப்டெம்பர் முதலாம் திகதி முதல் பொலித்தீன் லன்ச் ஷீட்டையும் ரிஜிபோம் உணவுப் பெட்டியையும் தடை செய்தது. 2023 ஒக்டோபர் முதல் ஒருமுறை மட்டும் பாவிக்கும் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு ஆகியனவும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. சட்டம் கடைக்காரரைக் கட்டுப்படுத்தலாம். நம் சமையலறைக்கும் பகலுணவுப் பைக்கும் பொறுப்பாளிகள் நாமே.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி தொன் உணவு வீணானதாக ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் திட்டம் 2024இல் அறிவித்தது. அதில் பத்தில் ஆறு பங்கு வீணானது ஹோட்டல்களிலோ கடைகளிலோ அன்று; வீடுகளில்! அந்த 2022இல் நாம் எவ்வாறிருந்தோம்? எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றோம். ரொட்டி சுட மாவில்லாத வீடுகளைக் கண்டோம். அத்தனை விரைவில் மறந்துவிட்டோமா?

தாய்மார்களே! அரிசியைக் கைக்கணக்கில் அள்ளிப் போடாமல் சுண்டால் அளந்து போடுங்கள். இன்று மிஞ்சினால் நாளை அரைச் சுண்டு குறையுங்கள். மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்துக் காலையில் தயிரும் வெங்காயமும் சேர்த்து உண்பதை நம் பாட்டிமார் இழிவாகக் கருதவில்லை. பிள்ளையின் தட்டில் முதலில் குறைவாக இடுங்கள். கேட்டால் மீண்டும் இடுங்கள். விழுந்த கவளத்தைத் துடைத்து உண்ணவும், பாத்திரத்தை வழித்து உண்ணவும் நபியவர்கள் ஏவினார்கள். உணவின் எப்பகுதியில் பரக்கத் உள்ளது என்பதை நாம் அறியமாட்டோம் என்பதே அதற்கு அன்னார் சொன்ன காரணம். தோலும் தண்டும் ஒரு குழிக்குப் போகட்டும், மண்ணிட்டு மூடுங்கள். சில மாதங்களில் அது உங்கள் கறிவேப்பிலை மரத்துக்கு உரமாகும்.

இளைஞர்களே! தோட்டத்துக்கோ, கடைக்கோ, மாணிக்கக் குழிக்கோ, அலுவலகத்துக்கோ செல்லும்போது சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் எடுத்துச் செல்வது வெட்கமா? நம் வாப்பாமார் வாட்டிய வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு போனார்கள். உண்டபின் இலையை வீசினாலும் மண் அதை ஏற்றுக்கொண்டது. இன்று நீங்கள் வீசும் தாளை மண் ஏற்காது. மாடும் மரையும் தின்று மடியும். கடையில் பார்சல் எடுப்பதானால் வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டு செல்லுங்கள்.

நம்மிடம் ஓர் அழகிய மரபு இருக்கின்றது. அதுதான் சஹன். அறுவர் ஒரே தட்டைச் சூழ்ந்து அமர்ந்து உண்பது. தாளில்லை, பையில்லை, கோப்பையில்லை. இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழியின் நடைமுறை அது. ஆயினும் இன்றைய வலீமாக்களில் சஹனையே கௌரவப் போட்டியாக்கிவிட்டோம். நால்வர் உண்ண முடியாத அளவு இறைச்சியைக் குவித்து, பாதியோடு எழுந்து விடுகின்றோம். சஹனைக் கைவிட வேண்டியதில்லை. அதன் உயரத்தைக் குறைத்தால் போதும்.

அந்தப் பள்ளிவாசலில் பின்னர் நடந்ததையும் சொல்ல வேண்டும். அன்று காலையே இளைஞர்கள் மதகில் இறங்கி அடைப்பை அகற்றினர். நிர்வாகத்தினரும் நானும் பாதிக்கப்பட்ட ஒவ்வோர் அறைக்கும் சென்று மன்னிப்புக் கேட்டோம். நனைந்த மாவுக்கும் அரிசிக்கும் ஈடு கொடுத்தோம். அந்தத் தாய் ஈடாகக் கொடுத்ததை வாங்கத் தயங்கினார். அது தானமன்று, உங்கள் உரிமை என்று சொன்ன பின்னரே பெற்றுக்கொண்டார். மறுவருடம் பாத்திரம் கொண்டு வருவோருக்கே கஞ்சி என்று அறிவித்தோம். முதல் நாள் பலர் முணுமுணுத்தனர். மூன்றாம் நாள் சிறுவர்கள் வாளிகளோடு வரிசையில் நின்றனர். எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி இறைச்சி அங்கு இன்னும் ஷொப்பிங் பைகளில்தான் பகிரப்படுவதாக அறிகின்றேன். அப்பழக்கமும் மாற வேண்டும்.

ஆகவே அன்பர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுத் தட்டில் மிஞ்சுவதை எறியுமுன் ஒரு கணம் நில்லுங்கள். இது யாருடைய வாசலுக்குப் போகப் போகின்றது என்று கேளுங்கள். மறுமையில் அந்த வாசலுக்குரியவர் நமக்கெதிராக எழுந்து நிற்காதிருக்கட்டும்.

யா அல்லாஹ்! நீ தந்த ரிஸ்கின் அருமையை எங்கள் உள்ளங்களில் பதிப்பாயாக. எங்கள் பிள்ளைகளை நன்றியுள்ள அடியார்களாக ஆக்குவாயாக. எங்கள் கரங்களாலும் எங்கள் கழிவுகளாலும் எந்த அயலவருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.