திரையில் விஞ்ஞானப் பாடம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள் உங்கள் ஊர்களில் எத்தனை பேர் உளர் என்பதை நீங்களே அறிவீர்கள். அவர்களுள் சிலர், சிறப்பாக மணமாகி வந்த பெண்கள், பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத விழைகின்றனர். ஏனைய பாடங்களை வீட்டிலிருந்தே ஒருவாறு படித்துவிடுகின்றனர், விஞ்ஞானத்தில்தான் இடறுகின்றனர். அப்பாடத்தின் 100 மதிப்பெண்களில் 25 செய்முறைக்கு உரியவை. செய்து பார்க்க வேண்டியதை மனப்பாடம் செய்வது எங்ஙனம்? இவர்கள் பொருட்டே நமது வட்டாரத்தில் சென்ற ஆண்டு வீடியோப் பாடங்கள் தயாரிக்க முற்பட்டோம்.

முதற் பாடம் தோல்வியுற்றது என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். நாற்பது நிமிடம் ஓர் ஆசிரியர் கரும்பலகை முன் நின்று பேசினார். நல்ல ஆசிரியர், நல்ல பேச்சுத்தான். ஆயினும் பார்த்தவர்களில் பாதிப்பேர் கண்ணயர்ந்தனர். வகுப்பறையை அப்படியே படம் பிடித்தால் பாடமாகிவிடும் என்று எண்ணியது எங்கள் பிழையே.

இப்பிழைக்கு மருந்து ஐம்பது ஆண்டுகட்கு முன்பே நம் நாட்டில் கண்டறியப்பட்டிருந்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை முடிய, ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வாயிலாக, ஆந்திரம், கருநாடகம், ஒரிசா முதலிய 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. நமது மாநிலம் அதில் இடம்பெறவில்லை. அவ்வாண்டில் சுமார் 50,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் விஞ்ஞானம் கற்பிக்கப் பயிற்சி பெற்றனர். தொலைக்காட்சி மட்டும் அவர்களுக்கு ஆசானாக இருக்கவில்லை. வானொலியும் அச்சிட்ட பாடமும் செய்முறையும் உடன் இருந்தன.

ஆகவே இரண்டாம் பாடத்தை எட்டே நிமிடத்தில் அமைத்தோம். பொருள், அமிலமும் காரமும். ஆரத்தி கரைக்காத வீடு நம்மிடையே ஏது? மஞ்சள் நீரில் சுண்ணாம்பு இட்டதும் அது சிவக்கிறது. படம் அவ்விடத்தில் நிற்கும். பார்ப்பவர்கள் தாமே செய்து பார்ப்பர். பின்னர் எலுமிச்சைச் சாறு விட, சிவப்பு மாறி மீண்டும் மஞ்சளாகும். சோதனைச் சாலைக்குப் பணம் கேட்டு நாங்கள் யாருக்கும் எழுதவில்லை.

அன்று ஒரு பெண்மணி எழுந்து, "எங்கள் களர் நிலத்து மண்ணையும் மஞ்சளால் சோதிக்கலாமா, ஐயா?" என்று கேட்டார். திரை என்ன விடை கூறும்? எங்களுக்கும் உடனே கூற இயலவில்லை. வேளாண்மைத் துறையினரைக் கேட்டறிந்தோம். மண் கரைத்துத் தெளிந்த நீரில் மஞ்சள் சிவந்தால் காரம் மிகுதி என்று ஐயுறலாம். வெறும் உவர் நிலமாயின் சிவக்காமலும் போகலாம். ஜிப்சம் எவ்வளவு இடுவது என்பதை மண் பரிசோதனையே கூறும். இவ்விடையை அடுத்த பாடத்தின் தொடக்கத்தில் சேர்த்தோம். அப்பெண்மணி தம் மாமனாரையும் அழைத்து வந்திருந்தார்!

இனி உங்களிடம் கேட்க வேண்டியவை. கைபேசியில் பார்க்கட்டுமே என்பீர்கள். பல வீடுகளில் இருப்பது ஒரே கைபேசி. அதுவும் காலையில் கணவருடன் வயலுக்குப் போய்விடுகிறது. எனவே வாரம் இரு பிற்பகல் ஊராட்சிக் கூடத்தைத் திறந்து தரவேண்டும். மாலை வேளை வேண்டா. அது அடுப்பு மூட்டும் நேரம். மின்சாரம் தடைப்படினும் பாடம் ஓட மின்கல ஏற்பாடு தேவை. யாவற்றினும் முக்கியமாக, ஊரில் படித்த ஒருவர் உடனிருந்து, எழும் வினாக்களை ஏட்டில் குறித்து எங்களுக்கு அனுப்ப வேண்டும். அவ்வேடு வராத ஊர்களில் மூன்றாம் வாரத்திற்குள் வருகை குன்றிவிட்டதைக் கண்டோம்.

அடுத்த பாடம் நெம்புகோல். அதற்கு ஏற்றம் ஒன்றைப் படம் பிடிக்க விரும்புகிறோம். பம்புசெட்டு வந்தபின் எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. எந்த ஊரிலேனும் பழைய ஏற்றமரம் மிஞ்சியிருப்பின், கூட்டம் கலையுமுன் தெரிவிக்க வேண்டுகிறோம்.