தொண்டரும் தலைமைப் பதவியும்

(நமது சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள விஷயம் சிறிது கூச்சம் தருவது. அரசியற் கட்சியொன்றின் ஊர்க் கமிட்டியில் தொண்டராய் உழைப்பவர், அக்கமிட்டியின் காரியதரிசிப் பதவியையோ தலைமைப் பதவியையோ தாமே நாடலாமா என்பதே அது. மேடைகளில் இதைப்பற்றிப் பேச நேரும்பொழுதெல்லாம், "எனக்குப் பதவி வேண்டா, தொண்டே போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவது நம்மவர் வழக்கம். அவ்வாறு சொன்னவர்களே மறுநாட் காலையில் ஜில்லாத் தலைவர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பதையும் நாம் காண்கிறோம். ஆதலின் அந்த வழக்கத்தை இன்று ஒருபுறம் வைத்துவிட்டு, விஷயத்தை உள்ளபடி பேச விரும்புகிறேன்.

பதவியை நாடுவது குற்றமன்று என்பது என் துணிபு. காரியதரிசி என்று ஒருவர் இருந்தே தீரவேண்டும். உழைத்தவர் நாணத்தால் ஒதுங்கினால் அவ்விடத்திற்கு உழையாதவர் வருவார், அவ்வளவே வேறுபாடு. ஆனால், நாடுகிறவர் எதை நாடுகிறார் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. அதைக் கேட்பதற்கு, ஊர்க் கமிட்டி என்பது எப்படி உண்டாயிற்று, அதற்கு என்ன வேலை என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1920க்கு முன்னர் காங்கிரஸ் மகாசபை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை டிசம்பர் மாதத்திற் கூடிக் கலையும் கூட்டமாகவே இருந்தது. வக்கீல்களும் பிரபுக்களும் வருவர். ஆங்கிலத்தில் தீர்மானங்கள் நிறைவேறும். பின்பு அடுத்த டிசம்பர் வரையில் அதிக வேலையில்லை. 1920 டிசம்பரில் நாகபுரியில், நம் சேலம் விஜயராகவாச்சாரியார் அக்கிராசனம் வகித்த மகாசபையிலேதான் அந்நிலை மாறிற்று. அங்கு ஏற்ற புதிய விதிகளின்படி நாலணாச் செலுத்தியவர் அங்கத்தினர் ஆகலாம். கிராமம், தாலுகா, ஜில்லா, மாகாணம் என்று படிப்படியாகக் கமிட்டிகள் அமையும். மாகாணங்களும் சர்க்கார் வகுத்தபடி அன்றி மொழிவாரியாக வகுக்கப்படும். சென்னை ராஜதானி என்ற ஒரே ஆட்சியின் கீழ் தமிழரும் ஆந்திரரும் பிறரும் இருந்த காலத்தில், தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி என்று தனியே ஒன்று நடைபெற்றது இவ்விதியினாலேயாம். அடுத்த ஆண்டில் பெஜவாடாவிற் கூடிய அகில இந்தியக் கமிட்டி, ஒரு கோடி அங்கத்தினர், திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய், இருபது லட்சம் இராட்டைகள் என்று கணக்கு விதித்தது.

ஒரு கோடிப் பெயரை யார் எழுதுவது? அங்கேதான் ஊர்க் கமிட்டிக் காரியதரிசி பிறக்கிறார். ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகச் செல்லவேண்டும். நாலணா என்பது அக்காலக் கூலிக்காரருக்கு அற்பத் தொகையன்று. அதை ஏன் தரவேண்டும் என்று கேட்பவருக்கு விடை சொல்லவேண்டும். வாங்கிய பணத்தில் மேற்கமிட்டிக்குரிய பங்கை அனுப்பி, மிகுந்ததற்குக் கணக்கு வைக்கவேண்டும். கூட்டத்திற்கு முன்னதாகவே அறிவிப்புக் கொடுத்து, நடந்ததைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் பெறவேண்டும். இவற்றில் எதற்கும் மாலை விழாது, புகைப்படமும் எடுக்கப்படாது. பதவியை நாடும் இளைஞரை யான் கேட்பது இதுதான்: அப்பா, நீ விரும்புவது மேடையில் முன்வரிசை நாற்காலியையா, இந்த ரசீதுப் புத்தகத்தையா?

தொண்டரின் உழைப்பை எப்படி அளப்பது என்ற கேள்வியும் அக்காலத்திலேயே எழுந்தது. 1924இல் காந்தியடிகள் அக்கிராசனம் வகித்த பெல்காம் மகாசபையில், பணத்திற்குப் பதிலாக மாதந்தோறும் 2000 கெஜம் நூல் தருபவரே அங்கத்தினர் என்று விதி செய்தனர். வாய்ப்பேச்சுக்காரரை விலக்கும் உபாயம் என்று அது கருதப்பட்டது. அடுத்த ஆண்டே பாட்னாவில் அதைத் தளர்த்தி, நூலாயினும் நாலணாவாயினும் தரலாம் என்று மாற்றவேண்டியதாயிற்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனினும் ஒன்று தோன்றுகிறது. பகல் முழுதும் தறியிலோ வயலிலோ கிடந்து வந்தவனை மாலையிலும் நூல் நூற்கச் சொல்வதும், ஓய்வுடைய வக்கீலை நூற்கச் சொல்வதும் ஒன்றல்ல. நம் கட்சிக் கமிட்டிகளில் இன்றும், "எந்நேரமும் வந்து நிற்கிறவனே உண்மைத் தொண்டன்" என்று அளக்கிறார்கள். கடையிற் சம்பளத்திற்கு இருப்பவனும், குழந்தையை இடுப்பிற் சுமக்கும் தாயும் எந்நேரமும் வந்து நிற்க முடியுமோ?

இனி, தொண்டராயிருந்து தலைவரானவர் என்றவுடன் நம் எல்லோருக்கும் நினைவில் வருபவர் காமராசர். 1903இல் விருதுபட்டியிற் பிறந்தார். சிறு வயதிலே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு நிறைவு பெறவில்லை. மாமனுடைய ஜவுளிக் கடையில் வேலை. கூட்டங்களுக்குச் சென்று கேட்டுக் கேட்டுத் தொண்டரானார். 1930இல் வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்திற் கலந்து இரண்டாண்டுத் தண்டனை பெற்று அலிப்புரம் சிறைக்குச் சென்றார். மறு ஆண்டில் காந்தி – இர்வின் உடன்படிக்கையால் விடுதலை பெற்றார். 1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு கமிட்டித் தலைவரானபொழுது இவர் காரியதரிசியானார். 1940இல் அத்தலைமைக்கு நடந்த தேர்தலில், ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. பி. சுப்பையாவை எதிர்த்து மூன்றே வாக்கு மிகுதியால் வென்றார். அப்பொழுது சத்தியமூர்த்தி அவர்கள், தமக்குக் கீழ் காரியதரிசியாயிருந்தவருக்குத் தாம் காரியதரிசியாயிருக்க இசைந்தார். நாவன்மையிலும் கல்வியிலும் புகழ் பெற்ற அப்பெரியார், பள்ளிப் படிப்பு முடியாதவருக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்தார் என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. புதியவர் மேலேறுவதற்கு அவருடைய முயற்சி மட்டும் போதாது. பழையவர் ஒருவர் ஒரு படி இறங்கவும் மனம் வேண்டும்.

இச்சபையில் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். காமராசரை மேலேற்றியது அவருடைய சாதிச் சங்கம் என்று சிலர் எண்ணுகின்றனர். சரித்திரம் வேறு சொல்கிறது. 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம், 1920களிலும் 30களிலும் ஜஸ்டிஸ் கட்சிக்கே ஆதரவாய் இருந்தது. விருதுநகர்ச் செல்வர்களிற் பலர் அப்பக்கமே நின்றனர். சொந்த ஊரின் பணக்காரர்களை எதிர்த்துக்கொண்டே அவர் கட்சி வேலை செய்தார். அவரைத் தலைவராக்கிய வாக்குகள், பல ஜில்லாக்களில் பல சாதியைச் சேர்ந்த ஊழியர்களோடு அவர் பழகிச் சம்பாதித்தவை. அவர் உயர்ந்த பின்னரே உறவு கொண்டாடினோர் அனேகர்; அது உலக இயல்பு.

பதவியை விடுவதிலும் அவர் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. 1941இல் அவர் சிறையில் இருக்கும்பொழுதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்து அப்பதவியை ஏற்ற கையோடு விலகிவிட்டார். முழுமையாகச் செய்ய இயலாத வேலையின் பெயரை வைத்துக்கொண்டிருக்கலாகாது என்பதே காரணம். இரண்டு கமிட்டிகள், மூன்று சங்கங்கள், ஒரு கோயில் தர்மகர்த்தா வேலை என்று ஒருவரே தாங்கி நிற்கும் நம் பெரியோர்கள் இதைச் சற்றுச் சிந்திப்பார்களாக. (நகைப்பு.)

இவ்வளவு சொல்லிவிட்டு, உழைத்தால் எல்லோரும் மேலே வந்துவிடலாம் என்று முடித்தால் அது முழு உண்மையாகாது. 1925 நவம்பரில் காஞ்சீபுரத்தில் தமிழ் மாகாண மகாநாடு கூடிற்று. திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அக்கிராசனர். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அங்கு அனுமதிக்கப்படவில்லை. ஈ. வெ. ராமசாமியார் மகாநாட்டை விட்டு வெளியேறினார். பின்பு காங்கிரசையே விட்டார். அவர் நேற்று வந்த தொண்டரல்லர். ஈரோட்டு நகரசபைத் தலைமையை விட்டுவிட்டுக் காங்கிரசுக்கு வந்தவர். கதர் மூட்டையைத் தோளிற் சுமந்து விற்றவர். மாகாணக் கமிட்டியின் தலைமைப் பொறுப்பையே வகித்தவர். அத்தகையவருக்கே, தம் போன்றோரின் குறையைச் சபையில் எடுத்து வைக்க வழியில்லாமற் போயிற்று. கலியாணசுந்தரனாரிடத்து எனக்குள்ள மதிப்பு சிறிதும் குறைந்ததன்று. ஆயினும் அன்று அத்தீர்மானத்தை விவாதத்திற்கு விட்டிருக்கலாம் என்றே இன்றும் கருதுகிறேன். கமிட்டியில் இடமில்லை, பேசவும் இடமில்லை என்னும் நிலை வந்தால், தன்மானமுள்ள தொண்டன் எழுந்து போவான்.

போலி அங்கத்தினர் கதையும் பழையதே. 1937 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் பெற்று மந்திரிசபை அமைத்தது. அதிகாரம் வந்ததும் கூட்டமும் வந்தது. 1936இல் நாடெங்கும் ஐந்து லட்சத்திற்குக் குறைவாயிருந்த அங்கத்தினர் தொகை, 1939இல் நாற்பது லட்சத்தைத் தாண்டிற்று. ஒருவரே பணம் கட்டிப் பலர் பெயரை எழுதிக்கொள்வதும், அப்பெயர்களின் பலத்தால் கமிட்டியைக் கைப்பற்றுவதும் பெருகின. காந்தியடிகள் தமது 'ஹரிஜன்' பத்திரிகையில் இதைக்குறித்துக் கடுமையாக எழுதினார். நம் தெருவில் உள்ள கட்சிக் கிளைகளின் அங்கத்தினர் ஏட்டை இன்று புரட்டினாலும், தங்கள் பெயர் அதிலிருப்பதை அறியாத புண்ணியவான்கள் சிலர் அகப்படுவர்.

ஆயினும் போலித் தேர்தலுக்கு மருந்தாகத் தேர்தலையே நிறுத்திவிடுவது நோயினும் பெரிய கேடு. அதே காங்கிரசில் 1972க்குப் பின் இருபது ஆண்டுகள் உட்கட்சித் தேர்தல் இல்லை. 1992இல்தான் மீண்டும் நடந்தது. இடைக்காலம் முழுதும் மேலிருந்து நியமனமே. நியமிக்கப்பட்டவன் தன்னை நியமித்தவரையே பார்த்துக்கொண்டிருப்பான். வாக்களித்தவர் என்று அவனுக்கு யாருமில்லை. மற்றக் கட்சிகளிலும் பெரும்பாலும் தலைமை நிலையத்து அறிக்கையே காரியதரிசியை உண்டாக்குகிறது. சட்டத்தால் இதைச் சீர்திருத்தலாமோ என்றால், அவ்வழியும் நீண்டதன்று. கட்சிகளைப் பதிவு செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்திற்கு உண்டாயினும், கொடுத்த உறுதிமொழியை மீறியதற்காகப் பதிவை நீக்கும் அதிகாரம் இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்பொழுது நம் வீட்டு விஷயத்திற்கு வருகிறேன். பெரியோர்களே! நம் வாலிபர் சிலர், தாங்கள் சார்ந்த கட்சிகளின் கிளைப் பொறுப்புக்குச் சங்கத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று விண்ணப்பித்திருக்கிறார்கள். சங்கம் தரவேண்டும் என்று ஒரு சாரார் வாதிக்கிறார்கள். "மற்றச் சமூகத்தார் கொடுக்கிறார்களே" என்பது அவர்கள் நியாயம். அது வெறும் பொறாமைப் பேச்சன்று. இடம் கிடையாமையின் வலி அதில் இருக்கிறது. சற்று முன் காஞ்சீபுரத்தைப்பற்றி யான் சொன்னதும் அதனாலேயே. எனினும் கடிதம் கூடாது என்பது என் கருத்து. கடிதத்தால் இடம் பெற்றவன், கமிட்டியில் 'அந்தச் சாதிக்காரர்' என்ற பெயரோடு ஒரு மூலையில் அமர்த்தப்படுவான். கணக்கு அவன் கைக்கு வராது. நம் தெருவைத் தாண்டி அவனுக்கு ஒருவரும் வாக்களியார். மேலும், ஒரே பதவிக்கு நம்மவர் இருவர் நின்றால் சங்கம் யாருக்குக் கடிதம் தரும்? அன்றே இச்சங்கம் இரண்டாகும்.

கடிதத்திற்குப் பதிலாக, சங்கம் தன் செலவில் கற்பிக்கலாம். வரவு செலவுக் கணக்கு எழுதுதல், கூட்ட அறிவிப்புத் தயாரித்தல், திருத்தப் பிரேரேபணை கொண்டுவருதல், வாக்காளர் ஜாபிதாவை வாசித்துப் பிழை காணுதல் ஆகியவற்றை ஞாயிறுதோறும் இம்மண்டபத்திலேயே பழக்கலாம். கட்சி எதுவாயினும் வரட்டும். ஒரு கட்சிக்காரர் வந்தால் மற்றவர் வரமாட்டேன் என்று சொல்லாதிருக்கட்டும். பெண்களுக்கும் இவ்வகுப்பில் இடம் வேண்டும். 1930இல் வேதாரணியத்தில் உப்பெடுத்துச் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் பின்பு சட்டசபையின் உபசபாநாயகராய் அமர்ந்தார். இன்று ஊராட்சிகளிற் சரிபாதி இடங்களைச் சட்டம் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. கட்சிக் கிளைகளிலோ அவர்களுக்கு மகளிர் அணி என்று ஒரு தனிப் பலகையை மாட்டிவிட்டு, கணக்குப் பெட்டிச் சாவியை ஆண்களே வைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வகுப்பை நடத்துமுன், நம் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியையும் ஒருமுறை நோக்குதல் நலம். நம் விதிப் புத்தகத்தில் ஆண்டுதோறும் தேர்தல் என்று அச்சிட்டிருக்கிறது. ஆண்டுதோறும் நடப்பதோ, "பழைய நிர்வாகிகளே நீடிக்க வேண்டும்" என்று ஒருவர் பிரேரேபிக்க, மற்றொருவர் ஆமோதிக்க, கைதட்டலோடு காபி வருவதேயாம். வெளியே கட்சிகளில் நம் பிள்ளைகளுக்கு இடம் கேட்கும் நாம், உள்ளே அவர்களுக்கு எந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம்? பந்தியில் பரிமாறும் வேலையைத் தவிர மற்றொன்றும் எனக்குப் புலப்படவில்லை. அடுத்த மகாசபையில் பொக்கிஷதார் பதவிக்கும் உதவிக் காரியதரிசிகள் இருவர் பதவிக்கும் இரகசியச் சீட்டின்படி தேர்தல் நடத்தவேண்டும் என்று ஒரு தீர்மானத்தை எழுதி, இப்பொழுதே தலைவர் அவர்களிடம் கொடுக்கிறேன். ஆமோதிக்க விரும்பும் வாலிபர், கூட்டம் முடிந்ததும் அதிற் கையொப்பமிடலாம்.